இந்த போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

ஷட்டவுன் வேலைக்குக் கிளம்பும் ஃபிட்டர், ரிக்கர், ஹெல்பர் தம்பிகளுக்கு,

போன வாரம் என் அக்கா பேரனை ஜாம்நகருக்கு ரயில் ஏற்றிவிட்டேன். ஐடிஐ முடித்த கையோடு கிடைத்த முதல் ஷட்டவுன் வேலை. புது சேஃப்டி ஷூ, டப்பா நிறைய முறுக்கு, பாட்டி நெற்றியில் இட்ட விபூதி. "பத்திரமா இருடா" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: 36 வருடம் வால்வு கழற்றியவன் நான், பத்திரமாக இருப்பது எப்படி என்று ஒரு வார்த்தை அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்; அவர்களிடமும் ஒன்று கேட்கப்போகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 1993-ல் நான் வேலை பார்த்த ஆலையில், காஸ்டிக் லைனிலிருந்து இரண்டு அங்குல பால் வால்வு ஒன்றைக் கழற்றினோம். லைனை டிரெயின் பண்ணி, தண்ணீர் விட்டுக் கழுவி, பர்மிட்டில் கையெழுத்து வாங்கி, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கழற்றும்போது வால்வு மூடியிருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் அரை நாள் வெயிலில் கிடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைஸில் மாட்டி, என் ஹெல்பர் துளைக்கு நேராகக் குனிந்துகொண்டு லீவரைத் திருப்பினான். பந்துக்கும் பாடிக்கும் நடுவில் அடைபட்டு, வெயிலில் சூடேறிக் கிடந்த காஸ்டிக் அவன் முகத்தில் பீய்ச்சி அடித்தது. ஒரு கண் போய்விட்டது. அப்போது அவனுக்கு 22 வயது. "லைன் காலிடா, தைரியமாத் திருப்பு" என்று சொன்னவன் நான். லைன் காலிதான். வால்வு காலியில்லை.

மூடிய பால் வால்வு, லைனில் ஓடியதில் கொஞ்சத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். கேட் வால்வின் பானட்டுக்குள்ளும் அப்படித் தங்கும். லைன் முழுக்க அழுத்தம் இறங்கி வடிந்த பிறகு, ஆபரேஷன் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வால்வைப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளே தங்கியதை வடியவிட்ட பிறகே கழற்ற வேண்டும். இது எனக்கு அன்று தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் எனக்குள் கேட்டுக்கொள்வேன்: இந்த போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

வால்வில் இரண்டு வகை போல்ட் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வகை, கியர்பாக்ஸையோ ஆக்சுவேட்டரையோ அதைத் தாங்கும் பிராக்கெட்டையோ பிடித்திருக்கும். இன்னொரு வகை, உள்ளே ஓடுவதை வெளியே வராமல் பிடித்திருக்கும். முதல் வகையைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரு இரும்புத் துண்டு கையோடு வரும், அவ்வளவுதான். இரண்டாவதைக் கழற்றினால் லைனே உங்கள் மேல் வரும். ஆனால் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே துரு, அதே பெயின்ட், பல நேரம் அதே சைஸ் ஸ்பேனர். நாலு விரல் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். நடுராத்திரி ஷிஃப்டில், டார்ச் வெளிச்சத்தில், ஸ்காஃபோல்டிங் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எது எது என்று கண்ணால் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் என்ற ஊரில் எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2016 நவம்பர் 22 அன்று அங்கே ஒரு பிளக் வால்வின் கியர்பாக்ஸ் வேலை செய்யவில்லை. ஆபரேட்டர் ஒருவர், கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு ரெஞ்ச் போட்டு வால்வைத் திருப்பலாம் என்று முடிவு செய்தார். அங்கே அது வழக்கமான வேலை. பிராக்கெட்டைப் பிடித்திருந்த நாலு போல்ட்டைக் கழற்றினார். அந்த யூனிட்டில் இருந்த பிளக் வால்வுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 97-ல் அப்படிக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. மீதி மூன்று சதவீதம் பழைய வடிவம். அதில் கியர்பாக்ஸ் பிராக்கெட்டைப் பிடிக்கும் அதே போல்ட்தான் வால்வின் மேல்மூடியையும் பிடித்திருக்கும். அவர் கை வைத்தது அந்த மூன்று சதவீதத்தில் ஒன்று. ரெஞ்ச் போட்டுத் திருப்பியதும் வால்வு பிரிந்து ஐசோபியூட்டேன் கொட்டியது. அரை நிமிடத்துக்குள், சற்றுத் தள்ளியிருந்த வெல்டிங் மெஷினிலிருந்து தீப்பற்றிக்கொண்டது. நாலு பேருக்குக் கடுமையான தீக்காயம்.

அந்த ஆபரேட்டரைக் கவனக்குறைவான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வழக்கமாகச் செய்கிற வேலையைத்தான் அவர் செய்தார். அந்த வால்வு வேறு மாதிரி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி வைத்த முறை என்று ஒன்று இல்லை, அதற்கென்று பயிற்சியும் இல்லை. விசாரணையில் வெளிவந்தது இதுதான்.

இந்த விஷயம் உலகம் முழுக்கப் படமாகவும் அறிக்கையாகவும் போயிற்று. ஐந்து வருடம்கூட முடியவில்லை. 2021 ஜூலை 27 சாயங்காலம், டெக்சாஸ் மாநிலம் லா போர்ட்டில் லயாண்டெல்பேசல் ஆலையில் ஒரு பிளக் வால்விலிருந்து ஆக்சுவேட்டரைக் கழற்றப் போனார்கள். போனவர்கள் உங்களைப்போல ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆக்சுவேட்டரைப் பிடித்த நட்டோடு நிற்காமல், வால்வின் மூடியைப் பிடித்த நட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். அழுத்தத்தில் இருந்த சூடான அசெட்டிக் அமிலக் கலவை, சுமார் 74 டன், வெளியே வந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். அந்த வால்வை எதற்காகத் தொட்டார்கள் தெரியுமா? வேறொரு வேலைக்காக லைனை ஐசோலேட் பண்ணத்தான். பாதுகாப்புக்கான ஏற்பாட்டைச் செய்யும்போதே உயிர் போயிற்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த இரண்டு பேர் மேல் இல்லை. "ஆக்சுவேட்டர் கழற்று" என்று இரண்டே வார்த்தையில் வேலை கொடுத்துவிட்டு, எந்த நட்டு, எத்தனை நட்டு, எதைத் தொடக்கூடாது என்று காட்டாமல் போகிறவர்கள் மேல். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? பர்மிட் இங்கிலீஷில் இருக்கும். டூல்பாக்ஸ் டாக் இந்தியில் நடக்கும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவான். பிற்பாடு ஏதாவது ஆனால், அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். 20 நாள் ஷட்டவுனை 16 நாளில் முடித்துக் கொடுக்கிறேன் என்று எங்கோ ஒரு ரூமில் யாரோ ஒப்புக்கொள்கிறார். அந்த நாலு நாளை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

அழுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு நமக்கு மரத்துப்போயிருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அங்குல வால்வு. துளையின் பரப்பு சுமார் 324 சதுர சென்டிமீட்டர். லைனில் 10 கிலோ பிரஷர் என்றால், அந்த வாயளவு மூடியைத் தூக்கித் தள்ளும் விசை 3,240 கிலோ. மூன்று டன்னுக்கு மேல். சரி, கேஜில் ஒரே ஒரு கிலோதானே காட்டுகிறது என்றால், அதுவும் 324 கிலோ. நாலைந்து ஆட்களின் எடைக்குச் சமம். இதையெல்லாம் தாங்கிப் பிடித்திருப்பது நீங்கள் இப்போது தளர்த்தப்போகிற அந்த நட்டு.

கேஜ் சைபர் காட்டுகிறதே என்பீர்கள். கேஜுக்குக் கீழே இருக்கும் சின்ன வால்வு மூடியிருந்தாலும் சைபர்தான் காட்டும். டிரெயின் திறந்தோம், ஒன்றும் வரவில்லை என்பார்கள். டிரெயின் வாய் துருவிலும் செதிலிலும் அடைத்துக்கிடந்தாலும் ஒன்றும் வராது. வராததைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். முதலில் கொஞ்சம் வந்து, குறைந்து, நின்றதைப் பார்த்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ஆரம்பத்திலிருந்தே ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதேபோல, பக்கத்து வால்வை மூடியாயிற்று என்பதும் போதாது. எந்த வால்வும் பாஸ் ஆகும். காலையில் ஹோல்ட் பண்ணியது மத்தியானம் பாஸ் ஆகும். ஒரே ஒரு மூடிய வால்வை நம்பி, அடுத்த பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டு அதன் முன்னால் நிற்கக் கூடாது. இரண்டு வால்வு மூடி நடுவில் டிரெயின் திறந்திருக்க வேண்டும். அதைவிட நல்லது, ஃபிளாஞ்சில் பிளைண்டு அடித்திருக்க வேண்டும். 1989 அக்டோபர் 23 அன்று டெக்சாஸில் பாசடீனாவில், பிலிப்ஸ் ஆலையில் 23 பேர் செத்தார்கள். அடைப்பு எடுக்க லைனைத் திறந்தபோது அவர்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பால் வால்வு. அதை இயக்கும் காற்றுக் குழாய்களை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். மூடு என்றால் திறந்துகொள்ளும்படி இருந்தது. பிளைண்டோ இரண்டாவது வால்வோ வேண்டும் என்று கம்பெனியின் விதியிலேயே இருந்தது. விதி காகிதத்தில் இருந்தது, பிளைண்டு லைனில் இல்லை.

நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சீதாபுரா, இந்தியன் ஆயிலின் டிப்போ. பெட்ரோல் டேங்கிலிருந்து பம்ப் பண்ணுவதற்கு லைனைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்தது ஹேமர் பிளைண்டு. சுத்தியலால் தட்டித் தகட்டை மாற்றுகிற வகை. தகட்டை மாற்றும்போது அந்த இடத்தில் லைன் வெட்டவெளிக்குத் திறந்திருக்கும். ஆகவே அதற்கு முன்னால் டேங்க் பக்க வால்வு கட்டாயம் மூடியிருக்க வேண்டும். அன்று திறந்திருந்தது. பெட்ரோல் பீறிட்டு அடித்தது. வேலை செய்தவரும் காப்பாற்றப் போனவரும் ஆவியில் மயங்கினார்கள். பக்கத்தில் போய் மூட ஆளில்லை. ஏறக்குறைய 75 நிமிடம் பெட்ரோல் கொட்டியது. பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், தீ 11 நாள் எரிந்தது. எம்.பி. லால் தலைமையில் விசாரித்த குழு எழுதியது நீளமான அறிக்கை. நான் அதிலிருந்து உங்களுக்காக எடுத்துக்கொள்வது சின்ன விஷயம்தான்: எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரிசை அன்று தப்பியது.

இன்னொரு ஆபத்து, சரியான வேலையைத் தப்பான இடத்தில் செய்வது. 2024 அக்டோபரில் டெக்சாஸ் டீர் பார்க்கில் ஒரு ஆலையில், திறக்க வேண்டிய ஃபிளாஞ்சை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த வேறொன்றைத் திறந்தார்கள். வந்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களே. பைப் ரேக்கில் வரிசையாகப் பத்து ஃபிளாஞ்ச் ஒரே ஜாடையில் நிற்கும் இடத்தில் நீங்கள் எல்லோரும் வேலை செய்திருக்கிறீர்கள். "அந்த மூணாவது" என்று கீழேயிருந்து கை காட்டுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து மூணாவது? டேக் நம்பரும் பர்மிட் நம்பரும் உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒத்துப்போகாதவரை ஏறாதீர்கள். பர்மிட் கொடுத்தவரையே மேலே வந்து தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கழற்றும் கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாம் காலி என்று உறுதியான பிறகும், உள்ளே ஏதோ இருக்கிறது என்ற நினைப்பிலேயே ஃபிளாஞ்சைத் திறங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் நட்டை முதலில் தளர்த்த வேண்டும். அப்போது மிச்சம் ஏதாவது இருந்தால் உங்களை விட்டு அந்தப் பக்கம் போகும். தளர்த்த மட்டும் செய்யுங்கள், கழற்றி எடுத்துவிடாதீர்கள். எல்லா ஸ்டட்டிலும் நட்டு சில மரை அளவாவது பிடித்திருக்கட்டும். ஃபிளாஞ்சுக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆப்பு வைத்து ஜாயின்டைப் பிரித்து, வருவது வந்து நின்ற பிறகே நட்டை எடுங்கள். கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு, உள்ளே அழுத்தம் இருந்தும் ஒரு சொட்டு வெளியே வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நட்டையெல்லாம் எடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஸ்ப்ரிங் உள்ள ஆக்சுவேட்டரைப் பிரிக்கச் சொன்னால், அந்த வகையைப் பிரிக்கத் தெரிந்த ஆள் வரும்வரை காத்திருங்கள். காற்றை இறக்கிவிட்டாலும் ஸ்ப்ரிங் இறுகியபடியேதான் இருக்கும். பட்டர்ஃபிளை வால்வில் ஓட்டம் இருக்கும்போது கியர்பாக்ஸை எடுத்தால், தட்டு தானாகத் திரும்பி அடிக்கும். ரிக்கர் தம்பிகளே, கைச்சக்கரத்தில் ஸ்லிங் போட்டு வால்வைத் தூக்காதீர்கள், பாடியில் போடுங்கள். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். அவசரத்தில் முதலில் பறிபோவதும் தெரிந்தவைதான்.

வால்வை எடுத்த இடத்தில் விட்டுப்போகிற வெற்றிடத்தையும் மறக்காதீர்கள். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் பிளைண்டு ஃபிளாஞ்ச் போட்டிருந்தார்கள், ஆனால் கையால் முறுக்கிய அளவுக்குத்தான். ஷிஃப்ட் மாறியது. அந்தப் பம்ப்பில் வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். அந்த பிளைண்டு வழியாகக் கசிந்து வெடித்து 167 பேர் மாண்டார்கள். ஆறு மணிக்கு உங்கள் ஷிஃப்ட் முடிகிறது, பஸ் நிற்கிறது, பசிக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்து வருகிற ஃபிட்டரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய், "இங்க வால்வு இல்ல, இந்த பிளைண்டு முழுசா டைட் பண்ணல" என்று வாயால் சொல்லாமல் இறங்காதீர்கள். பேப்பரில் எழுதியாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நாளைக்கு வால்வு வேலை வரும்போது, முதல் நட்டைத் தொடுவதற்கு முன்னால், வேலை கொடுத்தவரிடம் சத்தமாகக் கேளுங்கள்: "சார், இந்த போல்ட் எதப் புடிச்சிருக்கு?" கழற்ற வேண்டிய நட்டுகளை அவர் கையால் பெயின்ட் மார்க்கர் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். குறி இல்லாத நட்டை யார் சொன்னாலும் தொடாதீர்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் டிராயிங் வரட்டும், அல்லது தெரிந்தவர் வரட்டும். பிறகு டிரெயினைத் திறந்து உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஐசோலேஷனில் உங்கள் பூட்டும் ஒன்று தொங்க வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆகும்.

திட்டுவார்கள். "பெரிய இன்ஜினீயரு, கேள்வி கேக்கறான்" என்பார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். தினக்கூலிக்கு வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அதைத் தெரியப்படுத்தும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று எழுதினார்கள். ஆனால் ஒற்றை ஹெல்பர் தனியாக நின்று சட்டம் பேச முடியாது. அதனால்தான் மூத்த ஃபிட்டர்களிடம் கேட்கிறேன், உங்களைத்தான் ஆரம்பத்தில் பொறுமையாகப் படிக்கச் சொன்னேன். அந்தக் கேள்வியை முதலில் நீங்கள் கேளுங்கள். பையன்கள் கேட்கட்டும் என்று விடாதீர்கள். 20 வருட அனுபவம் உள்ளவர் கேட்டால் சூப்பர்வைசர் நின்று பதில் சொல்வார். ஒரு கேங்கில் ஒருவர் கேட்டால் அடுத்த வாரம் நாலு பேர் கேட்பார்கள். அப்புறம், பதிலை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பரையும் பக்கத்தில் அழைத்து, அவனுக்குப் புரிகிற தமிழில், நட்டு நட்டாகக் காட்டுங்கள்.

1993-ல் என் ஹெல்பருக்கு நான் அதைச் செய்யவில்லை. அவன் இன்னும் ஊரில் இருக்கிறான், சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பேன். "அண்ணே" என்று எழுந்து நின்று, நல்ல கண் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பான்.

ஜாம்நகர் கேம்ப்பில் உங்களில் யாராவது என் அக்கா பேரனோடு ஒரே கேங்கில் இருக்கலாம். ஒல்லியாக இருப்பான், ஷூ இன்னும் புதுசாக இருக்கும், எதற்கும் "சரிண்ணே" என்பான். அவன் கையில் ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்னால், தயவுசெய்து, அந்த போல்ட்டைக் காட்டிக் கேளுங்கள். அவனுக்குப் பதில் தெரியாவிட்டால் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக இருந்த
ஓய்வுபெற்ற ஃபிட்டர்